தொம்பை இல்லாத தேர்: இலவசப் படங்களில் வரும் கோளாறுகளும் சரிசெய்யும் வழிகளும்

திருவாரூரில் கமலாலயக் குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி டிடிபி (அச்சுக்குக் கணினியில் பக்கம் வடிவமைக்கும்) வேலை செய்கிறேன். கோயில் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, காதணி விழா ஃப்ளெக்ஸ், உரக்கடை விசிட்டிங் கார்டு என்று எல்லாம் வரும். நூறு பத்திரிகை அடிக்க வருகிறவரிடம் படத்துக்குத் தனியாகக் காசு கேட்க முடியாது. கேட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுவார். அதனால் பூ, பார்டர், விளக்கு, பிள்ளையார் எல்லாமே இணையத்தில் இலவசமாக எடுப்பதுதான். பதினைந்து வருஷமாக எடுக்கிறேன். வரக்கூடிய கோளாறெல்லாம் ஒரு சுற்று வந்துவிட்டது.

கீழே கோளாறு வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எது வந்திருக்கிறதோ அதை மட்டும் படித்தால் போதும். ஆனால் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. கூகுள் தேடலில் வரிசையாக வந்து நிற்பவை சின்ன மாதிரிகள்தான். அசல் படம் வேறொரு தளத்தில், தன் வீட்டில் இருக்கிறது. பெரிய ஃபைல், சரியான வடிவம், யார் வரைந்தது, என்ன நிபந்தனை எல்லாம் அந்த வீட்டுக்குப் போனால்தான் தெரியும். வேலிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கிளையில் பறித்துக்கொண்டு ஓடுவதுதான் நம் பழக்கம். என்னிடம் வந்த கோளாறுகளில் பாதிக்கு மேல் அந்த அவசரத்தால் வந்தவை.

திரையில் பளிச்சென்று இருந்தது, அச்சில் கட்டம் கட்டமாக வருகிறது

ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போய், டீட்டெய்ல்ஸ் பாருங்கள். அகலமும் உயரமும் பிக்சல் கணக்கில் இருக்கும். அகலம் 200, 300 என்று இருந்தால் நீங்கள் சேமித்தது தேடல் பக்கத்து மாதிரியைத்தான். படத்தின் மேல் ஒரு முறை கிளிக் செய்து, அது இருக்கும் தளத்துக்கே போய், அங்கே உள்ள டவுன்லோட் பட்டனில் பெரிய அளவைத் தேர்ந்தெடுத்து எடுங்கள்.

எவ்வளவு பெரிது வேண்டும்? அச்சுக்கு இன்ச்சுக்கு 300 புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். 5-க்கு 7 இன்ச் பத்திரிகை முழுக்க நிரம்ப வேண்டிய படம் 1500-க்கு 2100 பிக்சல். ஏ4 நோட்டீஸ் என்றால் 2480-க்கு 3508. மூலையில் ஒரு இன்ச்சுக்கு உட்காரும் பிள்ளையாருக்கு 300 பிக்சலே போதும். அதே பிள்ளையாரைக் கும்பாபிஷேக ஃப்ளெக்ஸில் ஆறடிக்கு இழுத்தால்தான் முகம் செங்கல் செங்கலாகப் பிரிகிறது. ஃப்ளெக்ஸைத் தள்ளி நின்று பார்ப்பதால் இன்ச்சுக்கு 72 புள்ளி இருந்தாலே நன்றாக இருக்கும். 10-க்கு 6 அடிக்கு அது 8640-க்கு 5184 பிக்சல். அவ்வளவு பெரிய இலவசப் படம் லேசில் கிடைக்காது. பாதி அளவில் இருந்தாலும் பின்புலத்துக்குப் போட்டு ஒப்பேற்றலாம். முகத்துக்குப் போடாதீர்கள்.

ரெசல்யூஷன் பெட்டியில் 72-ஐ அழித்துவிட்டு 300 என்று அடித்தால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். மோரில் தண்ணீர் ஊற்றினால் செம்பு நிறையும், மோர் அதிகமாகாது.

படம் உங்களிடம் பெரிதாக இருந்து, அச்சகத்துக்குப் போய்ச் சேரும்போது சின்னதாகியிருந்தால் இடையில் வாட்ஸ்அப் இருக்கிறதா என்று பாருங்கள். போட்டோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே போகும். வாடிக்கையாளர்களுக்கும் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், கடைச் சுவரில் எழுதி ஒட்டிவிட்டேன்.

கோட்டுப் படம், பார்டர், பூங்கொடி போன்றவற்றுக்கு பிஎன்ஜி ஃபைல் தேடுவதையே விட்டுவிட்டு எஸ்விஜி ஃபைல் தேடுங்கள். அது புள்ளிகளால் ஆனதல்ல, கோடுகளின் கணக்கு. விசிட்டிங் கார்டிலும் போடலாம், பந்தல் முகப்பிலும் போடலாம், கலையாது. ஓப்பன்கிளிப்ஆர்ட் தளத்தில் இருப்பவை எல்லாம் எஸ்விஜிதான். 2004 முதல் ஆட்கள் வரைந்து பொதுவுடைமையாக விட்டுக்கொண்டிருக்கிறார்கள். வரைந்தவர் பெயர்கூடப் போட வேண்டாம். படங்களின் தரம் முன்பின் இருக்கும். பத்தில் ஏழு பள்ளிக்கூடப் பிள்ளை வரைந்த மாதிரி இருக்கும். மூன்று நன்றாக இருக்கும். அந்த மூன்றுக்காகப் போகலாம்.

படத்தைச் சுற்றி வெள்ளைப் பெட்டி; அல்லது சதுரங்கக் கட்டம் சேர்ந்து அச்சாகிறது

வெள்ளைப் பெட்டி வந்தால் உங்கள் ஃபைல் ஜேபிஜி. அந்த வடிவத்தில் பின்புலம் இல்லாமல் சேமிக்கவே முடியாது. பிஎன்ஜியாக எடுத்திருந்தும் வெள்ளையோ கறுப்போ வந்தால் வழியில் யாரோ ஜேபிஜியாக மாற்றியிருக்கிறார்கள். அந்த யாரோ பெரும்பாலும் மேலே சொன்ன வாட்ஸ்அப்தான்.

சதுரங்கக் கட்டம் வேறு சங்கதி. பின்புலம் இல்லை என்பதைக் காட்ட ஃபோட்டோஷாப்பில் சாம்பலும் வெள்ளையுமாகக் கட்டம் தெரியுமே, அதையே படத்தில் வரைந்து ‘பிஎன்ஜி’ என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். தேடல் வரிசையிலேயே கட்டம் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். நிஜமானது பெரும்பாலும் அங்கே சாதா வெள்ளையில் இருக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு சிவப்புச் செவ்வகத்தின் மேல் படத்தை வைத்துப் பாருங்கள், இரண்டு வினாடி வேலை. நான் அதைச் செய்யாமல் மஞ்சள் பத்திரிகையில் ஒரு கோலத்தை அடித்துவிட்டேன். கட்டத்தோடு வந்தது. வாங்கிப்போனவர் அதை டிசைன் என்று நினைத்து, நன்றாக இருக்கிறது என்றார். நானும் வாயைத் திறக்கவில்லை.

ஃபைல் திறக்க மாட்டேன் என்கிறது

கடைசி எழுத்துகளைப் பாருங்கள். வெப்பி என்றால் பழைய ஃபோட்டோஷாப்புக்குத் தெரியாது. 2022-க்கு முந்தையது என்றால் இலவச ஜிம்ப்பில் திறந்து பிஎன்ஜியாக எக்ஸ்போர்ட் செய்துகொள்ளுங்கள். இபிஎஸ், ஏஐ (இல்லஸ்ட்ரேட்டர் ஃபைல்) என்றால் கோரல் டிரா மென்பொருளில் ஓப்பன் கொடுக்காமல் இம்போர்ட் கொடுங்கள். கோரலின் சிடிஆர் ஃபைல் திறக்கவில்லை என்றால் அது உங்கள் கோரலைவிடப் புதிய கோரலில் சேமித்தது; அனுப்பியவரிடம் பழைய பதிப்பில் சேமித்துத் தரச் சொல்வது தவிர நல்ல வழி இல்லை. ஜிப்பாக வந்தால் பிரித்துவிட்டு, உள்ளே படத்தோடு வரும் உரிமக் குறிப்பைத் தூக்கி எறியாதீர்கள். பின்னால் தேவைப்படும்.

இஎக்ஸ்இ என்று முடிந்தால் அது படமே இல்லை. பச்சை நிறத்தில் பெரிதாக டவுன்லோட் என்று மின்னிய விளம்பரத்தைத் தட்டியிருக்கிறீர்கள். திறக்காமல் அழித்துவிடுங்கள்.

வேர்டில் முன்பு கிளிப்ஆர்ட் என்று ஒன்று இருந்ததே, எங்கே போயிற்று என்று இன்னமும் கேட்கிறார்கள். 2014 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். இப்போது ஆன்லைன் பிக்சர்ஸ் என்று அங்கே வருவது பிங் தேடல். வேர்டுக்குள் வருவதாலேயே அது மைக்ரோசாஃப்ட் கொடுத்த படம் ஆகிவிடாது.

எவ்வளவு தேடினாலும் நம்ம ஊர்ப் படம் வருவதில்லை

இதில்தான் நான் நன்றாக அடி வாங்கினேன்.

பக்கத்துக் கிராமத்துக் கோயில் தேர்த் திருவிழா நோட்டீஸ். அவசரம். தேர் என்பதற்கான ஆங்கிலச் சொல்லைப் போட்டுத் தேடினால் முதலில் ரோமாபுரி வீரர்களின் இரண்டு சக்கர வண்டிகள் வந்தன. ‘இந்தியா’ என்று சேர்த்தேன். அழகான எஸ்விஜி ஒன்று வந்தது. இலவசம், நல்ல கோடு. வைத்து ஆயிரம் அடித்தாயிற்று. வாங்க வந்த பெரியவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

“தம்பி, இது எந்த ஊருத் தேரு?”

“நம்ம தேருதாங்க ஐயா, படமா போட்டிருக்கு.”

“தொம்பையைக் காணோமே.”

தேரின் நாலு பக்கமும் துணியில் உருளையாகத் தைத்துத் தொங்கவிடுவார்களே, அந்தத் தொம்பை ஒன்றுகூட இல்லை. நான் போட்டிருந்தது பூரி ஜெகன்னாதர் தேர். திருவாரூர் தேரழகு, திருவிடைமருதூர் தெருவழகு, மன்னார்குடி மதிலழகு என்று சொல்கிற சீமையில், 96 அடி ஆழித்தேர் ஓடுகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒடிசா தேரை அடித்துக் கொடுத்திருக்கிறேன். ஆயிரமும் என் கணக்கில் போயிற்று.

இலவசத் தளங்களில் ‘இந்தியக் கல்யாணம்’ என்றால் முக்காடு போட்ட பெண்ணும் குதிரையில் மாப்பிள்ளையும்தான். நாதஸ்வரம் கேட்டால் ஷெனாய். இதற்குச் செய்யக்கூடியவை:

பொதுச் சொல்லை விட்டுவிட்டு நம் சொல்லையே ஆங்கில எழுத்தில் அடித்துத் தேடுங்கள். நாதஸ்வரம், தவில், கோலம், கோபுரம், குத்துவிளக்கு. எழுத்துக்கூட்டலை இரண்டு மூன்று விதமாக மாற்றிப் பாருங்கள். குத்துவிளக்குக்கு மலையாளத்தார் சொல்லும் நிலவிளக்கு என்ற சொல்லில் இன்னும் கொஞ்சம் கிடைக்கும், ஆனால் அவர்கள் விளக்கின் உச்சி வேறு மாதிரி இருக்கும். விக்கிப்பீடியாவின் படக் கிடங்கான விக்கிமீடியா காமன்ஸில் தமிழிலேயே தேடலாம். அங்கே ஒரு படம் பிடித்திருந்தால் பக்கத்தின் அடியில் உள்ள பகுப்பைத் தட்டுங்கள். தஞ்சைப் பெரிய கோயிலோ தாராசுரமோ, அதே இடத்தின் மற்ற படங்கள் வரிசையாக வந்துவிடும்.

செயற்கை நுண்ணறிவில் செய்துகொள்ளலாமே என்கிறார்கள். செய்து பார்த்தேன். தவிலுக்கு மூன்று பக்கம் தோல் கட்டிக் கொடுத்தது. நாதஸ்வரக்காரருக்கு ஆறு விரல். பின்புல வயல், வானம், தென்னை வரை சரி. கருவி, நகை, சாமி என்றால் உங்கள் ஊர்ப் பெரியவர் கண்ணில் அது தப்பாது.

கடைசி வழிதான் எனக்குப் பிடித்த வழி: நீங்களே செய்துகொள்வது. வீட்டில் நாச்சியார்கோயில் விளக்கு ஒன்று இருந்தது, அம்மாவுடைய சீர். அதைத் திண்ணையில் வைத்து, பின்னால் ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டு, வெயில் நேரடியாகப் படாத காலை வெளிச்சத்தில் செல்போனில் எடுத்தேன். ஃப்ளாஷ் போடக் கூடாது, பித்தளை கண்ணைக் கூசி விளிம்பு தெரியாது. போனை விளக்கின் பாதி உயரத்துக்குத் தாழ்த்தி, நாலடி தள்ளி நின்று எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். கிட்டே போய் எடுத்தால் அடிப்பாகம் புடைத்துத் தெரியும்.

அப்புறம் கோட்டுப் படம் வரையும் இலவச மென்பொருளான இன்க்ஸ்கேப்பில் இம்போர்ட் செய்து, பாத் மெனுவில் ட்ரேஸ் பிட்மேப் கொடுத்துப் பார்த்தேன். பித்தளைப் பளபளப்பு எல்லாம் ஓட்டை ஓட்டையாக வந்தது. வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் போட்ட கோலத்துக்கு ட்ரேஸ் அற்புதம், பித்தளைக்கு ஆகாது. அதனால் படத்தைப் பின்னால் வைத்துப் பூட்டிவிட்டு, பேனாக் கருவியால் விளக்கின் இடது பாதியை மட்டும் வரைந்தேன். கன்ட்ரோல் டி அடித்தால் நகல், ஹெச் அடித்தால் அது வலப்பக்கம் திரும்பிக்கொள்ளும். இரண்டையும் நடுக்கோட்டில் ஒட்டி யூனியன் கொடுத்தால் முழு விளக்கு. தண்டின் வளையங்கள் இரண்டு பக்கமும் இம்மி பிசகாமல் வரும். உச்சியில் உள்ள அன்னத்தை மட்டும் தனியாக முழுசாக வரையுங்கள். முதல் முறை அதையும் சேர்த்துத் திருப்பி, இரட்டைத் தலை அன்னம் கிடைத்தது. ஒரு மதியம் போயிற்று. ஆறு வருஷமாக அந்த விளக்கு எத்தனை பத்திரிகையில் எரிந்திருக்கும் என்று கணக்கில்லை.

கோலம் வேண்டுமென்றால் பக்கத்து வீட்டு அக்காவிடம் தாளில் போட்டுத் தரச் சொல்லுங்கள். ஆனால் கேட்டு வாங்குங்கள், எதற்கென்று சொல்லுங்கள். அவர் கையால் போட்ட புதுக் கோலம் அவருடையது. வாசலில் போட்டதாலேயே ஊர்ச் சொத்தாகிவிடாது.

இலவசம் என்று எடுத்தேன், உரிமை கேட்டு மெயில் வந்திருக்கிறது

பதறாதீர்கள். பதில் எழுதுவதற்கு முன், உங்கள் வடிவமைப்பை உடனே பொதுவெளியிலிருந்து எடுத்துவிட்டு, கணினியில் உள்ள ஃபைலையும் டவுன்லோட் செய்த தேதியையும் அப்படியே பத்திரப்படுத்துங்கள். பிறகு கூகுள் லென்ஸிலோ டின்ஐயிலோ படத்தைக் கொடுத்து, அது முதலில் எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். கேட்பவர்தான் உண்மையில் படைத்தவரா என்றும் அதில் தெரியும்; பணம் பறிக்கவென்றே அனுப்பப்படும் மெயில்களும் உண்டு.

எனக்கு ஒரு முறை வந்தது. பொங்கல் வாழ்த்துக்கு நெல்வயல் படம் ஒன்றை ‘இலவச வால்பேப்பர்’ என்று போட்டிருந்த ஒரு தளத்திலிருந்து எடுத்து, கடையின் பக்கத்தில் பதிந்திருந்தேன். எடுத்தவர் எழுதினார்: என் பெயர் எங்கே? தேடிப் போய்ப் பார்த்தால் அவர் அதை கிரியேட்டிவ் காமன்ஸ் (சிசி, படைத்தவரே நிபந்தனையோடு பொதுவில் விடும் உரிமம்) பிஒய் 4.0 உரிமத்தில்தான் விட்டிருக்கிறார். யாரும் எடுக்கலாம், விற்கலாம், மாற்றலாம். பெயர் போட வேண்டும், அவ்வளவுதான். வால்பேப்பர்காரர் பெயரை வெட்டிவிட்டார், நான் வெட்டியதை எடுத்தேன். மன்னிப்புக் கேட்டுப் பெயரும் இணைப்பும் போட்டேன், முடிந்தது. 2013-இல் வந்த இந்த 4.0 பதிப்பில் ஒரு வசதி இருக்கிறது: தப்பு தெரிந்த 30 நாளுக்குள் சரிசெய்துவிட்டால் உரிமம் தானாகவே திரும்ப வந்துவிடும். 2.0, 3.0 என்ற பழைய பதிப்புகளில் அந்தச் சலுகை இல்லை. அதனால் எண்ணையும் பாருங்கள்.

இலவசம் என்பது ஒரே பொருள் இல்லை, நாலைந்து வகை இருக்கிறது. சிசி0 என்றிருந்தால் எந்தக் கட்டும் இல்லை. பிஒய் என்றால் பெயர். எஸ்ஏ சேர்ந்திருந்தால், படத்தை மாற்றி வரைந்தால் அந்த மாற்றிய படத்தையும் அதே உரிமத்தில் விட வேண்டும். என்டி என்றால் மாற்றவே கூடாது. நிறம் மாற்றி, தலையை மட்டும் வெட்டி எடுத்துப் போடுகிற நமக்கு அது உதவாது. என்சி என்றால் வணிகத்துக்குக் கூடாது. கல்யாணம் வணிகமா என்று வாதாடலாம், ஆனால் அடித்துக் கொடுத்துக் காசு வாங்குகிற நான் வணிகம்தானே. என்சியை நான் தொடுவதில்லை. விக்கிமீடியா காமன்ஸில் என்சி, என்டி மட்டுமாக உள்ள படங்களை ஏற்பதே இல்லை என்பதால் அங்கே இந்தத் தலைவலி குறைவு.

பிக்ஸாபே, அன்ஸ்ப்ளாஷ் போன்றவை வேறு ரகம். அன்ஸ்ப்ளாஷ் 2017 வரை, பிக்ஸாபே 2019 ஜனவரி வரை சிசி0 வைத்திருந்தன. பிறகு சொந்த உரிமத்துக்கு மாறிவிட்டன. இப்போதும் இலவசம், பெயர் கட்டாயமில்லை, ஆனால் படத்தை அப்படியே போஸ்டராக அடித்து விற்கக் கூடாது என்பது போன்ற நிபந்தனைகள் உண்டு. ஃப்ரீபிக்கில் இலவசக் கணக்கில் எடுத்தால் பெயர் போட வேண்டும். தளங்கள் நிபந்தனையை மாற்றிக்கொண்டே இருப்பதால், எடுக்கும் அன்று அந்தப் பக்கத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, படத்தோடு அதே ஃபோல்டரில் போட்டுவைக்கிறேன். பத்து வினாடி ஆகும்.

கூகுளிலும் வழி இருக்கிறது: படத் தேடலில் டூல்ஸ், அதில் யூசேஜ் ரைட்ஸ், அதில் கிரியேட்டிவ் காமன்ஸ். ஆனால் தளம் சொல்வதைத்தான் கூகுள் காட்டுகிறது, அது உண்மையா என்று பார்ப்பதில்லை. படத்தின் வீட்டுக்குப் போய் நாம்தான் பார்க்க வேண்டும்.

நோட்டீஸில் பெயரை எங்கே போடுவது என்று கேட்பார்கள். அடியில் அச்சகத்தின் பெயர் வருமே, அதற்குப் பக்கத்தில் ஆறு பாயிண்டில்: படம், எடுத்தவர் பெயர், விக்கிமீடியா காமன்ஸ், சிசி பிஒய்-எஸ்ஏ 4.0. யார் கண்ணையும் உறுத்தாது.

சாமி படத்துக்கு ஏது உரிமை என்பது நம் பக்கத்தில் பழகிப்போன பேச்சு. சாமிக்கு இல்லை, வரைந்தவருக்கு உண்டு. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி ஓவியர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டு வரை உரிமை இருக்கும். ரவிவர்மா 1906-இல் இறந்தார். அவருடைய லட்சுமியையும் சரஸ்வதியையும் தாராளமாக எடுக்கலாம். கோவில்பட்டி கொண்டையராஜு 1976-இல்தான் இறந்தார். அவர் வரைந்த காலண்டர் முருகன் 2036 முடியும் வரை உரிமை உள்ள படம். பெரிய கோயில் ஆயிரம் வருஷம் பழசு, ராஜராஜன் வந்து கேட்கப்போவதில்லை. போன மாதம் அதைப் படம் எடுத்தவர் கேட்பார். தெரிந்தே மீறினால் 63-ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. தொகை பெரிதாகக் கேட்டு வக்கீல் நோட்டீஸே வந்துவிட்டால் நீங்களாகப் பதில் எழுதாமல் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்.

என் லோகோ அடுத்த ஊர்க் கடையிலும் இருக்கிறது

இருக்கத்தான் செய்யும். அவரும் அதே தளத்தில் அதே நெற்கதிரை எடுத்திருக்கிறார். இலவசப் படத்தை லோகோவாக வைத்தால் அது உங்களுக்கு மட்டும் சொந்தமாகாது. கேன்வா போன்ற தளங்கள் தங்கள் படங்களை வர்த்தகச் சின்னமாகப் பதிவு செய்யக் கூடாது என்றே சொல்லியிருக்கின்றன. லோகோவுக்கு மட்டும் ஒருவரைக் கூப்பிட்டு வரையச் சொல்லிக் காசு கொடுங்கள், எழுத்தாலேயே செய்தாலும் சரி.

இன்னொன்று. இலவசமாகக் கிடைத்தாலும் போடக் கூடாத சின்னங்கள் இரண்டு அடிக்கடி வரும். விசிட்டிங் கார்டில் சிங்கமுகச் சின்னம் போடச் சொல்வார்கள். 2005-ஆம் ஆண்டு தேசியச் சின்னச் சட்டப்படி தனியார் போடக் கூடாது. மெடிக்கல் ஷாப் போர்டில் வெள்ளையில் சிவப்புக் கூட்டல் கேட்பார்கள். அது செஞ்சிலுவைக்கு உரியது, 1960-இல் இயற்றிய ஜெனீவா ஒப்பந்தச் சட்டத்தில் தடை இருக்கிறது. நான் பச்சையில் போட்டுக் கொடுக்கிறேன். “சிவப்புன்னாதான் அண்ணே எடுப்பா இருக்கும்” என்பார்கள். சட்டத்தைச் சொன்னால் பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்கள்.

நிறம் மாறிவிட்டது

திரை மூன்று விளக்கில் காட்டுகிறது, அச்சு நான்கு மையில் போடுகிறது. நாற்றங்கால் பச்சை, மின்னும் ரோஸ், மயில்கழுத்து நீலம் மூன்றும் மையில் அப்படி வராது. டவுன்லோட் செய்த படத்தை முதலிலேயே சிஎம்ஒய்கேக்கு (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற அந்த நான்கு மைக் கணக்குக்கு) மாற்றி, மங்கிய நிறத்தை வாடிக்கையாளருக்குக் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். அடித்த பிறகு காட்டினால் சண்டை. நீலம் ஊதாவாகப் போனால் மெஜந்தாவைக் குறையுங்கள். சயான் 100 இருந்தால் மெஜந்தா 70-ஐத் தாண்ட விடாதீர்கள். சின்ன எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும் 100 வைத்து மற்ற மூன்றையும் பூஜ்யமாக்குங்கள். இல்லாவிட்டால் பிளேட் ஒரு நூல் நகர்ந்தாலும் எழுத்துக்கு நிழல் விழும்.

தமிழ் எழுத்து உடைகிறது

எடுத்த டிசைனில் ‘கொ’ என்பது கால், கொம்பு, க என்று தனித்தனியாக நின்றால் மென்பொருளுக்குத் தமிழைக் கோக்கத் தெரியவில்லை. ஃபோட்டோஷாப் என்றால் ப்ரெஃபரன்ஸில் டைப் போய், வேர்ல்ட் ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தெடுங்கள். சில பதிப்புகளில் மிடில் ஈஸ்டர்ன் அண்டு சவுத் ஏசியன் என்று இருக்கும். பழைய கோரலில் யூனிகோடு சரிவராது. அங்கே இன்னமும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடிக்கத்தான் வேண்டியிருக்கிறது, அல்லது இன்க்ஸ்கேப்பில் அடித்து, கோடாக மாற்றிக் கொண்டுவர வேண்டும். பெட்டி பெட்டியாகத் தெரிந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், பலூ தம்பி எல்லாம் கூகுள் ஃபாண்ட்ஸில் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. பத்திரிகைக்கும் ஃப்ளெக்ஸுக்கும் காசு வாங்கிக்கொண்டே போடலாம்.

அச்சகத்துக்கு அனுப்பும் முன் எழுத்தையெல்லாம் கோடாக மாற்றிவிடுங்கள். கோரலில் கன்ட்ரோல் க்யூ, இன்க்ஸ்கேப்பில் ஷிஃப்ட் கன்ட்ரோல் சி. ஆனால் மாற்றுவதற்கு முன்னால் ஒரு நகலைத் தனியாகச் சேமித்துவையுங்கள். ப்ரூஃப் மூன்று முறை பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகும், மாப்பிள்ளையின் தாத்தா இன்ஷியல் ‘சு’ இல்லை, ‘சூ’ என்று இரவு பத்து மணிக்குப் போன் வரும்.